சம்பா வயலில் கல்யாணம் கபே

கல்யாணம் கபேயை மூடியபோது அதன் சொந்தக்காரர் கல்யாணம் ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான். "பேரோட மூடிடணும். பேர் கெட்ட பிறகு மூடக் கூடாது." மகன் ரவிசங்கர் புனேயிலேயே தங்கிவிட்டான், முழங்கால் இரண்டும் மக்கர், பரிமாற ஆள் கிடைக்கவில்லை என்பதெல்லாம் துணைக் காரணங்கள். கடைசி வருஷம் சாம்பார் கொஞ்சம் நீர்த்துப்போயிற்று என்று பூதலூர் ஸ்டேஷன் பக்கம் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்களைத் தெரியும், அவ்வளவுதான்.

கடை வாசலுக்கு மேலிருந்த லைட் போர்டு எட்டடி நீளம். மஞ்சளில் சிவப்பு எழுத்து, உள்ளே வரிசையாக டியூப் லைட். 'கல்யாணம் கபே, உயர்தர சைவ உணவகம்' என்று அது எரிந்தால் ரோட்டில் வெகுதூரம் தள்ளி வருகிறவனுக்கே வாய் ஊறும். கடையைக் காலி செய்த அன்று, "அதை உடைச்சுப் போடச் சொல்லிடு, என்னால பாக்க முடியாது" என்று மனைவி மதுரத்திடம் சொல்லிவிட்டுக் கல்யாணம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மதுரம் மாமி ரிடையரான டீச்சர். நல்ல சாமானை உடைக்கிற வழக்கம் அந்த வீட்டில் அவருக்குக் கிடையாது. பழைய இரும்புக் கடை மீரா உசேனைக் கூப்பிட்டு போர்டைக் கொடுத்து, மாடித் தோட்டத்துக்கு இரண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கிக்கொண்டார். கல்யாணம் திரும்பி வந்தபோது மாடியில் கத்தரிச்செடிகள் எல்லாம் இரண்டடி உயர்ந்திருந்தன. அவர் கவனிக்கவில்லை. நான் எதிர்வீடு, எனக்கு வேறென்ன வேலை?

மீரா உசேனும் போர்டுகளை உடைப்பதில்லை. மூடிப்போன நகைக்கடையின் போர்டு ஒன்று அவர் கைமாறி முத்துப்பேட்டையில் மீன்கடைக்குத் தடுப்பாக நிற்கிறது. செருப்புக்கடை போர்டுக்குப் பின்னால் ஒருவர் வாத்து அடைக்கிறார். வாத்துக்கு என்ன, படிக்கவா தெரியும்?

அவரிடம்தான் விவசாயி வீரையன் பல்பு தேடிப் போனார். போன வருஷம் சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்து, நடுக்குருத்து காய்ந்து, தப்பி வந்த கதிரிலும் பாதி பாலில்லாமல் வெள்ளையாக நின்றது. அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. வேளாண்மை ஆபீஸ் பெண் ஒரு வழி சொல்லியிருந்தது. பொழுது சாய்ந்ததும் வயலில் விளக்கு ஏற்றணும். அதன் கீழே தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டு வைக்கணும். தாய்ப்பூச்சி வெளிச்சத்துக்கு வந்து அதில் விழும். பத்து மணிக்கு அணைத்துவிடணும், இல்லாவிட்டால் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும்.

"ஒத்த பல்புக்கு ஏண்ணே அலையிறீங்க? எட்டடி வெளிச்சமே இருக்கு, தூக்கிட்டுப் போங்க" என்றார் மீரா உசேன்.

தீபாவளி முடிந்த வாரம், ரோட்டோர வயலில் இரண்டு கல்லுக்கால் நட்டு, கீழே தகரத் தொட்டி வைத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து வீரையன் போர்டை ஏற்றினார். அந்த வயல் ஒரு காலத்தில் கல்யாணம் குடும்பத்து நிலம். அதில் நாற்று நட்டவர்கள் வீரையன் குடும்பம். பிறகு வீரையனே அதைக் கிரயம் வாங்கிவிட்டார். இப்போது போர்டும் வந்து சேர்ந்தது.

ஆறரையிலிருந்து பத்து. பூச்சிக்கு அது என்ன நேரமோ, மனிதர்களுக்கு அது டிபன் நேரம். இதை யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்த வேன் ஒன்று நின்று, நெல்லைப் பார்த்தபடி ஆறு நெய் ரோஸ்ட் கேட்டது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீரையன் மனைவி தங்கம்மாள் நிமிர்ந்தார்.

"இங்க பூச்சிக்குத்தாங்க பந்தி. மனுஷங்களுக்கு இல்ல."

மறுநாள் காலை டீக்கடையில் இதே பேச்சு.

"கல்யாணம் சார் புதுசா பிராஞ்ச் திறந்திருக்காராமே?"

"கூட்டம் தாங்கலையாம். வந்தவங்க ஒருத்தரும் திரும்பிப் போறதில்லையாம்!"

பால் வாங்க வந்த கல்யாணம் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பால் வாங்காமலே வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் காதில் விழத்தானே செய்யும்?

"உடைச்சுப் போடச் சொன்னேனே, மதுரம்!"

"சொன்னேள். உடைக்கிறவரைக் கூப்பிட்டுக் குடுத்தேன். அவர் உடைக்கலைன்னா நான் சுத்தியலைத் தூக்கிண்டு பின்னாடியே ஓட முடியுமா?"

அன்று சாயங்காலம் கல்யாணம் கைத்தடியோடு வயலுக்குப் போனார். நானும் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். வீரையன் மோட்டார் கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். கல்யாணம் உட்காரவில்லை.

"இதைக் கழட்டிடுங்க, வீரையன்."

"கதிர் வெளிய வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க சார்."

"அப்ப பேரையாவது சாக்குப் போட்டு மூடுங்க."

"வெளிச்சத்தை மூடிட்டா பூச்சி என்னத்துக்கு சார் வரும்? போன வருஷம் பட்டது போதாதா?"

"நாப்பது வருஷம் அந்தப் பேரைப் பாத்துச் சாப்பிட வந்தாங்க. இப்ப அதைப் பாத்துச் சாக வருதுங்க. ஊர் சிரிக்குது. மானத்தோட மூடினேன்னு நினைச்சேன். எல்லாம் போச்சு."

வீரையன் தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. இறங்கினவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சார், கை கழுவ எங்க போகணும்?" என்றார்.

"கடை மூடியாச்சு" என்றார் கல்யாணம்.

"லைட் எரியுதே?"

"அது பூச்சிக்கு."

"என்ன சார் அநியாயம்! திருவாரூர்லேருந்து பசியோட வர்றோம். பூதலூர்ல ரவா தோசை, பூதலூர்ல ரவா தோசைன்னு சொல்லியே புள்ளைங்களைச் சமாளிச்சுக் கூட்டிட்டு வந்தேன். எந்தப் புண்ணியவான் சார் மூடினது? ஆளு கையில கிடைச்சா நாலு கேள்வி கேப்பேன்."

கல்யாணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேளுங்க. நான்தான்."

அந்த மனிதர் நாலோடு நிறுத்தவில்லை. ரவா தோசையில் அந்த மொறுமொறுப்பு எப்படி வந்தது, தேங்காய்ச் சட்னியில் போட்டது பொட்டுக்கடலையா வேர்க்கடலையா, கடைசியாக வந்தபோது சாம்பார் மட்டும் ஏன் தண்ணீராக இருந்தது. கடைசிக் கேள்விக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சாம்பார் வைக்கிற சரக்கு மாஸ்டர் வேலையை விட்டு நின்னுட்டான். புதுசா வந்தவனுக்குக் கை சரியில்ல" என்றார் கல்யாணம் சாதாரணமாக. "அதான் மூடினேன்."

காரிலிருந்த அம்மாள் பசியில் ஹார்ன் அடித்த பிறகுதான் பேச்சு ஓய்ந்தது. எந்தக் கடைக்குப் போகலாம், அங்கே எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று விலாவாரியாகச் சொல்லி அனுப்பினார். போர்டைப் பற்றி அதற்கப்புறம் அன்று பேச்சே இல்லை.

மறுநாளும் போனார். "பசியோட வந்து நிக்கறவாளுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லணுமோல்லியோ?" என்று மாமியிடம் காரணம் சொன்னார். அதற்கும் மறுநாள் இஸ்திரிச் சட்டை. அடுத்த நாள் நெற்றி நிறைய விபூதி, பழைய கல்லாவில் உட்காருகிற அதே கோலம். நாளுக்கு நாலைந்து வண்டி நின்றது. சிலர் திட்டினார்கள், சிலர் போர்டோடு அவரை நிறுத்திப் படமெடுத்தார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார். தொட்டியில் பூச்சி அள்ளி எடுக்கிற மாதிரி விழுந்தது. பயிரும் பச்சைக் குருத்தோடு நிமிர்ந்து நின்றது.

நஷ்டம் வரப்புக்குத்தான். படமெடுக்க ஏறி ஏறி மிதித்ததில் ஓரிடத்தில் உடைந்து, வயலில் நிறுத்திய தண்ணீரெல்லாம் கீழ்வயலுக்கு ஓடிவிட்டது. தங்கம்மாளுக்கு வந்ததே கோபம்.

"போர்டை வயல் பக்கமாத் திருப்பி வச்சா என்னங்க? ரோட்டுக்குத் தெரியாது, ஒருத்தனும் நிக்க மாட்டான். பூச்சி பாட்டுக்கு விழும்."

இவ்வளவு சுலபமான சங்கதி எங்கள் யாருக்கும் தோன்றாமல் போனதே! அன்று மாலை கல்யாணம் வந்தபோது வீரையன் ஸ்பேனரோடு கல்லுக்காலில் ஏறியிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க கேட்டதுதான் சார். திருப்பிடறேன். ரோட்டுக்கு முதுகுதான் தெரியும். இனிமே உங்க பேரைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

கல்யாணம் போர்டையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்கென்னவோ, ரோட்டுப் பக்கமிருந்துதான் பூச்சி அதிகமா வருதுன்னு படுது."

"பூச்சி பஸ்ல வர்றதில்ல சார்."

தங்கம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, வரப்பை நான் கட்டித் தரேன்."

"நீங்களா? மம்பட்டியை எந்தப் பக்கம் புடிக்கணும் தெரியுமா?"

"ஆள் வெச்சுக் கட்டறேன்."

"ஆள் கிடைக்காமத்தான கடையையே மூடினீங்க?"

கல்யாணம் கைத்தடியை மண்ணில் ஊன்றி நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "திருப்பாதீங்க, வீரையன்" என்றார், அடங்கின குரலில். "நாற்காலியை ரோட்டோரமாப் போட்டுக்கறேன். வர்றவங்களை அங்கேயே நிறுத்திப் பேசி அனுப்பிடறேன். ஒருத்தர் கால் வரப்புல பட்டாலும் அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

வீரையன் மனைவியைப் பார்த்தார். தங்கம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நாற்காலியைத் தானே தூக்கிப் போய் ரோட்டோரம் போட்டார். வீரையன் தளர்த்திய நட்டை மறுபடி முறுக்கினார்.

"கதிர் வர்ற வரைக்கும்தான் சார். அப்புறம் குருத்துப்பூச்சித் தொல்லை இல்ல."

"அதுக்கப்புறம் புகையான் பூச்சி வருமே? அதுவும் வெளிச்சத்துக்கு வரும்னு சொல்றாங்களே?"

விளைந்த வயலையே கருக்கிவிட்டுப் போகிற பூச்சியை இத்தனை ஆசையாக ஒருவர் விசாரித்து நான் கேட்டதில்லை.

"வாயைக் கழுவுங்க சார்!" என்று கத்தினார் தங்கம்மாள்.

கல்யாணத்துக்கு அது காதில் விழவில்லை. ஒரு கார் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.