தட்டில் வைத்த சீவல்

வீரம்மா வந்து உட்கார்ந்து அரைமணி நேரமாகியும் தேநீரைத் தொடவில்லை. செந்தூல் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், அந்தச் சின்ன வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மின்விசிறியைப் பார்த்தாள், நாள்காட்டியைப் பார்த்தாள், உளுந்து வடையையும் ஒருமுறை பார்த்தாள். எடுக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் அது எழுதாத சட்டம். பெண் பார்க்கப் போன வீட்டில் மனம் ஒப்பினால்தான் கை நனைப்பார்கள். ஒப்பவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துவிடுவார்கள். தகவல் வரவே வராது.

பெண் என்று சொன்னாலும் அமுதவள்ளிக்கு நாற்பத்தாறு வயது. கணவர் தவறி ஏழு வருடமாகிறது. பார்க்க வந்த மாப்பிள்ளை நாகையாவுக்கு ஐம்பத்தொன்று. லோரி ஓட்டுகிறவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அக்கா வீரம்மாதான். "அக்கா சரின்னுட்டா அடுத்த மாசமே ரெஜிஸ்டர் பண்ணிரலாம். வேணான்னுட்டா என்னால மீற முடியாது அமுதா. அத முன்னாடியே சொல்லிடுறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு தம்பியா என்று அமுதவள்ளிக்குக் கோபமாக வந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டாரே என்று பிடித்தும் இருந்தது. அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். ஊர் வாய்க்காகவோ வயதான காலத்துத் துணைக்காகவோ இல்லை. அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிடித்துப்போனதற்குக் காரணம் மரச்சீவல். அமுதவள்ளி கிள்ளானில் மரப்பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறாள். துணி வைக்கும் பெட்டிகளுக்கு உள்பக்கம் தேவதாருப் பலகை அடிப்பார்கள். இழைக்கிற மெஷினுக்கு அடியில் செம்பழுப்பு நிறத்தில் சீவல் குவியும். பென்சில் சீவும்போது வருகிற அதே வாசனை. முதலாளி அதைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் ஒரு பை நிறைய அள்ளி வந்து, பழைய மெல்லிய பருத்திச் சேலையைக் கிழித்துச் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டி அலமாரியில் போட்டுவைத்தாள். பட்டுச் சேலைகளை அரித்துக்கொண்டிருந்த பூச்சித் தொல்லை அடங்கியது. அதன்பிறகு கை சும்மா இருக்குமா? வேலைக்குப் போட்டுப்போய் மழையில் நனைந்து நாறும் சப்பாத்துக்குள் ஒரு முடிச்சு, அடுப்படி மூலையில் கரப்பான் வருகிற இடத்தில் ஒரு கைப்பிடி, போர்வைகளுக்கு நடுவில் ஒன்று. வாசனை குறைந்துபோனால் முடிச்சை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் போதும், மறுபடி எழும்பிவிடும்.

செடிகளிடம்தான் மூக்குடைபட்டாள். வாசல் நடைபாதையில் வரிசையாக இருந்த தொட்டிகளில் சீவலை மண்ணோடு போட்டுப் பிசைந்துவிட்டாள். மூன்றே வாரத்தில் மிளகாய்ச் செடிக்கு மஞ்சள் காமாலை. பட்டறையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, லோரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த நாகையா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கலக்கக்கூடாதுலா. அது மக்குறதுக்கு மண்ணுல உள்ள சத்த எல்லாம் தின்னுடும். மேலாக்கப் பரப்பி விடுங்க, தண்டுல ஒட்டாம ரெண்டு விரல் தள்ளி. ஈரம் காயாது, களையும் அவ்வளவா மொளைக்காது."

அந்தச் சனிக்கிழமை அவரே ஒரு மூட்டைச் சீவலைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் வழக்கம்போல் கெட்டுப்போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொரு மூட்டை. பதினான்கு தொட்டிக்கு எத்தனை மூட்டை வேண்டும்? ஐந்தாவது மூட்டை வந்தபோதுதான் அமுதவள்ளிக்கு விஷயம் விளங்கியது. "இதுக்கு மேல எங்க போடுறது அண்ணே?" என்று கேட்டாள். அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணேன்னு கூப்புடாம இருந்தா போதும், இனிமே மூட்டை வராது" என்றார்.

அந்த மனிதர்தான் இப்போது அக்காவுக்குப் பக்கத்தில், ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்த்தி வைத்த பையனைப் போல முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசக் காணோம்.

பக்கத்து வீட்டு இராஜம்மா உதவிக்கு வந்திருந்தாள். நான்கு நாளாக அவளுக்கு ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமையலறையிலிருந்து வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய் ஓரமாக நின்றுகொண்டாள்.

வீரம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு அமுதவள்ளியைப் பார்த்தாள்.

"என் தம்பிய எதுக்குக் கட்டிக்கணும்னு நெனைக்கிற?"

என்னென்னவோ பதில்களை அமுதவள்ளி ஒரு வாரமாகத் தயார்செய்து வைத்திருந்தாள். எல்லாம் காலை வாரிவிட்டன.

"புடிச்சிருக்குக்கா."

வீரம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வெற்றிலையை எடுத்துச் சேலையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலில் ஒரு சிட்டிகை அள்ளி வைத்து மடித்து வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டாள். நாகையாவின் தோள் இரண்டும் இறங்கியதை அமுதவள்ளி பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கை நனைத்தாயிற்று. இனி என்ன?

வீரம்மாவின் தாடை நின்றது. முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் கோணியது. வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி உற்றுப் பார்த்தாள்.

"என்னாத்த சீவல் இது?"

அமுதவள்ளி கிட்டே போனாள். பென்சில் வாசனை அடித்தது. முந்தாநாள்தான் அடுப்பு மூலைக்குப் போட வேண்டும் என்று பொடிச் சீவலாகப் பார்த்துச் சலித்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே தாள் ஒட்டி, 'சீவல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பாக்குச் சீவல் இன்னும் கைப்பையிலேயே கிடக்கிறது. பாக்கைச் சீவினாலும் சீவல், மரத்தைச் சீவினாலும் சீவல். யாரையாவது திட்ட வேண்டும் என்றால் தமிழைத்தான் திட்ட வேண்டும். ஓரத்தில், அந்த டின்னைத் திறந்து தட்டில் வைத்த இராஜம்மாவுக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது.

"என் தப்புதான்க்கா" என்றாள் அமுதவள்ளி. "டின்னுல எழுதி வச்சது நாந்தான். அது மரச்சீவல்."

"மரமா?"

"நான் கொண்டாந்து குடுத்ததுக்கா" என்றார் நாகையா. அந்த அரைமணி நேரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ சும்மா இருடா."

வீரம்மா எழுந்து வாய் கொப்பளிக்கச் சமையலறைக்குப் போனாள். அமுதவள்ளி டம்ளரில் தண்ணீரோடு பின்னால் போனாள். வாயில் போட்டதைத் துப்பியாயிற்று. இது கை நனைத்த கணக்கா, நனைக்காத கணக்கா? இதற்கு எந்தக் குடும்பத்திலும் சட்டம் இருக்காது.

மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வீரம்மா அந்த டின்னை எடுத்து முகர்ந்தாள். "இத வச்சு என்னா பண்ற?"

அமுதவள்ளி அலமாரியைச் சொன்னாள், சப்பாத்தைச் சொன்னாள், செடியைச் சொன்னாள்.

"துணிப் பூச்சி போயிருமா?"

"இருக்கிற பூச்சிக்கு, துணிய வெயில்ல போட்டு உதறணும்க்கா. அப்புறம் இத வச்சா திரும்ப வரது கொறையும்."

வீரம்மா பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கமே திரும்பி நின்றாள். "எங்க வீட்டுக்காரரு சட்டைங்க இருக்கு. அவரு போயி பதினோரு வருசம். எடுத்துப் போட மனசு வரல. இப்பப் பாத்தா எல்லாம் ஓட்ட ஓட்டையா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

குழாயை இறுக்கி மூடினாள்.

"நீ என்னா பண்ண? ஒன் வீட்டுக்காரர் துணிய?"

இப்படிக் கேட்டால் எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கொடுத்துவிட்டேன் என்றால் ஈவிரக்கம் இல்லாதவள், வைத்திருக்கிறேன் என்றால் பிறகு எதற்கு இன்னொரு கல்யாணம். அமுதவள்ளி உள்ளதையே சொன்னாள்.

"மூணாவது வருசம் குடுத்துட்டேன்க்கா. ஒரே ஒரு நீலச் சட்டைய மட்டும் வச்சிருக்கேன். அவருக்கும் தெரியும்."

"எவருக்கு?"

"ஒங்க தம்பிக்கு. காட்டுனேன்."

"என்னா சொன்னான்?"

"அதுலயும் ஒரு முடிச்சுப் போட்டு வைன்னாரு."

வீரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. போகத்தான் கிளம்புகிறாளோ என்று அமுதவள்ளி நினைத்தாள்.

"ஏம்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "திங்கிற சீவல் இந்த வீட்டுல இருக்கா, இல்லியா?"

அமுதவள்ளி அறைக்குள் ஓடினாள். கைப்பையைக் கட்டில்மேல் கொட்டி, சீவல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் பிளாஸ்டிக் பையை அப்படி முடிந்திருந்தார், விரலுக்கு அவிழவே இல்லை. பல்லால் கடித்து இழுத்தாள். நாகையா உதவிக்கு எழுந்து, அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வீரம்மா அவசரப்படுத்தவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை ஒன்று அவளுடைய உள்ளங்கையில் விரிந்திருக்க, அந்தக் கையை அமுதவள்ளியை நோக்கி நீட்டியபடியே வைத்திருந்தாள்.