பீனே கே லாயக்

மேல்கொட்டாய்க் கிணற்றுத் தண்ணீரை, குடிக்கலாம் என்று யாராவது சொன்ன பிறகே குடிக்க முடியும். சொல்லாத நாளில் அது மை நிறத்தில் வேப்பங்கொட்டையாய்க் கசக்கும். ‘குடிக்கலாம்’ என்ற தமிழ்ச் சொல் பல தலைமுறை உழைத்துத் தேய்ந்து ஒரு கோடையில் பலிக்காமல் நின்றுபோனது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மருமகள் ஒருத்தி அதையே தெலுங்கில் ‘தாகொச்சு’ என்றாள். சில மழைக்காலங்கள் அது தாங்கியது. பிறகு தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி ஆங்கிலத்தில் ‘போட்டபிள்’ என்று பலகையில் எழுதி, குடிப்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது என்று விளக்கினார். பெயின்ட் காய்வதற்குள் தண்ணீர் கறுத்தது.

அந்த வாரம் வாணியம்பாடி லத்தீப் புளி வாங்க வந்தார். ஊர்த் தண்ணீரைக் குடிக்காத வியாபாரிக்கு மேல்கொட்டாயில் புளி நிறுக்க மாட்டார்கள். அவர் ஒரு மடக்கு விழுங்கினார். கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று, “பீனே கே லாயக்” என்றார். குடிக்கத் தகுந்தது என்று பொருள். கிணறு தெளிந்தது. ‘லாயக்கு’ அரபியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கும் வந்த சொல்தான். ஊரில் பிள்ளைகளைத் திட்ட அது தினமும் பயன்பட்டது. ஆனாலும் வேறு யார் சொல்லியும் பலிக்கவில்லை. அவர் லாரி ஆலங்காயம் சாலையின் முதல் வளைவைத் தாண்டியதும் எல்லாக் குடங்களும் கறுத்தன. ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவில்லை.

மகள் புஷ்ராவின் நிக்காஹ் நெருங்கியபோது மனைவி சுபைதா பஸ் ஏறி வந்தாள்.

“எங்க வூட்டு ஆளக் கட்டி வெச்சிருக்கீங்களா?”

“நாங்க இன்னா கயிறா போட்டோம்? தாராளமா போய்ட்டு வாங்க பாய்” என்றார் ஊர்ப் பெரியவர் கோபால்சாமி. அவர் கை மட்டும் குடத்தின் வாயை மூடியபடி இருந்தது.

லத்தீப் சுபைதாவுடன் வளைவு வரை நடந்தார். பின்னால், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்த செல்லம்மா, பாலாடையில் தண்ணீர் கறுத்ததும் அதை அப்படியே கீழே கவிழ்த்தாள். அவரைக் கூப்பிடவில்லை. அவர் வளைவைத் தாண்டாமல் நின்றார்.

“கசக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் வூட்ல இருப்பீங்க” என்றாள் சுபைதா.

“புளி நல்ல புளி” என்றார் அவர்.

நிக்காஹ் அவர் இல்லாமல் நடந்தது. பெண்ணிடம் சம்மதம் கேட்க அவர் இடத்தில் மைத்துனர் நின்றார். மறுநாள் சுபைதா ஒரு டிரங்குப் பெட்டியோடு மேலே வந்து இறங்கினாள். லத்தீப் பெட்டியை வாங்கிக்கொண்டு, கல்யாணப் பிரியாணி எப்படி என்று கேட்டார்.

“உப்பு கம்மிங்க.”

அவர் தலையாட்டிவிட்டு, பெண்கள் குடங்களோடு காத்திருந்த கிணற்றுக்குப் போனார்.