அத்தானின் விரல்

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது ஒரு மெத்தைக் கிடங்கு. உள்ளே மலைமலையாக மெத்தை. வெளியே தீயணைப்பு வீரர்கள் உட்கார ஒரு நல்ல நாற்காலிக்குப் பஞ்சம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

இருந்த சில பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும், அவற்றின்மேல் கட்டிய ஓய்வுக் கூடாரத்துக்கும் மகாராணியாக ஒருத்தி இருந்தாள். முதலுதவி படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் இரண்டு காலியாகிவிட்டால் எப்பேர்ப்பட்ட சூரனும் அவளிடம் வந்தாக வேண்டும். கோட்டைக் கழற்றி, கையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். நாடி நூறுக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி நெருப்புக்குள் போகலாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேலதிகாரியே வாயைத் திறக்க மாட்டார்.

திறப்பவர் ஒருவர் இருந்தார். குழுத் தலைவர். கொடுமை என்னவென்றால், அவர் இவளுடைய அக்கா புருஷன். நிலையத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். மற்றவர்களை விரட்டி விரட்டி ஓய்வுக்கு அனுப்புவார், தான் மட்டும் உட்கார மாட்டார்.

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் காலையில் அக்கா போனில் அழுதிருந்தாள். போன வாரம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்தாராம். டாக்டரிடம் வர மாட்டாராம். வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். "உனக்குத் தெரியும்னு காட்டிக்காத. ஆனா அவரை உள்ள விட்டுடாதடி," என்றாள் அக்கா. காட்டிக்கொள்ளவும் கூடாது, விடவும் கூடாது. அக்காக்களுக்கு உத்தரவு போடுவதென்றால் எவ்வளவு சுலபம்.

முதல் முறை, குழாய் கசிகிறது என்று நழுவினார். இரண்டாம் முறை, ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கூடாரத்தின் பின்பக்கமாக ஓடிப்போனார். மூன்றாம் முறை அவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்ததுதான் தாமதம், அவள் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு. பசங்க உள்ள இருக்காங்க."

"உங்க நாடி இறங்கட்டும், நான் எழுந்திருக்கிறேன்."

"உன்னைப் பார்த்தா உங்க அக்காவே தேவலாம்."

"அது அவ தலையெழுத்து அத்தான். விரலைக் குடுங்க."

விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். அதன் வயர் மேசைமேல் இருந்த மெஷினுக்குப் போனது. நூற்று நாற்பத்தாறு.

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"மெஷின் ஒண்ணும் எங்கயும் மயங்கி விழல," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அவள் அவசரமாக ஈரத் துண்டை எடுத்து அவர் கையோடு சேர்த்து மடிமேல் போர்த்தினாள்.

பக்கத்து நாற்காலியில் ஐஸ் கண்ணை மூடிக்கிடந்தான். ஐஸ் என்பவன் அத்தானுக்கு அடுத்த நிலையில் இருப்பவன். கூரையே இடிந்து விழுந்தாலும் பதற மாட்டான், அதனால் அந்தப் பெயர். வந்தான், உட்கார்ந்தான், தூங்கிவிட்டான். ஊரே அப்படி இருந்தால் தன் வேலை எவ்வளவு லேசாகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூடார வாசலில் எவனோ தண்ணீர்க் கேனைக் கவிழ்த்தான். அவள் திட்டிக்கொண்டே ஓடினாள். பம்பரத்துக்கு அந்த நேரம் போதாதா? துண்டுக்கடியில் கிளிப்பைக் கழற்றி, ஐஸின் விரலில் மாட்டி, அவன் கையையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, ஒன்றுமே அறியாத பிள்ளை போல உட்கார்ந்தார்.

அவள் திரும்பி வந்து மெஷினைப் பார்த்தாள். நூற்று எழுபத்தெட்டு. அடுத்த நொடி நூற்றுப் பத்து. மறுபடி நூற்று எண்பது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, சீக்கிரம். அத்தான், சாஞ்சுக்குங்க. பேசாதீங்க."

"இரு, இரு. அது நான் இல்ல."

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பத்து விரலும் வெறுமையாக இருந்தன. முகத்தில் இருந்த குறும்பு அதற்குள் வடிந்திருந்தது. அவள் துண்டைப் பிடுங்கினாள்.

ஐஸ் தூங்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினால் கண்ணைப் பாதி திறந்து, "எனக்கு ஒண்ணுமில்ல," என்று குழறினான். உடம்பு கொதித்தது. அவன் கோட்டுப் பொத்தான்கள்கூட இன்னும் கழற்றப்படவில்லை. இத்தனை நேரம் அவனைத் தாண்டித் தாண்டித்தான் அவள் அத்தானை மிரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நேரத்துக்குப் பார்த்தீர்கள், பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

"அவன்கிட்ட மாட்டினா அறுபது காட்டும்னு நெனச்சேன்," என்றார் அத்தான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் கிளிப்பைத் தானே எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். நூற்று நாற்பத்திரண்டு.

"போன வாரம் பாத்ரூம்ல விழுந்துட்டேன்."

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"நடிக்காத. உங்க அக்கா வாய் எனக்குத் தெரியாதா?"

வாக்கிடாக்கியை எடுத்தார். தனக்கு உடம்பு சரியில்லை, குழுவை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், ஐஸோடு உள்ளே போனவர்கள் எல்லாரையும் உடனே ஓய்வுக்கு அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே என்னை நெருப்புக்குள்ள விடுவாங்களா?"

"தெரியல அத்தான்," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அக்காவின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

"நான்தான்," என்றார் அவர். "கூடாரத்துல உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருக்கீங்களா?" அக்காவின் அலறல் வெளியே நின்றவர்களுக்கே கேட்டது. "ஐயையோ, உங்களுக்கு என்னங்க ஆச்சு?"