மீன் ஆகாத பூனை

1

“மீன் ஆக்காதன்னு சொன்னா கேக்கவே மாட்டியாம்மா? இதோ பாரு, கழுத்தெல்லாம் பிறாண்டிக்கினு…”

“மீன் இல்லன்னா உங்கப்பன் வாயே தொறக்கமாட்டேங்கறாருடி, நீ பூனைக்கு…”

“அதுக்குச் சீழ் வெச்சிருச்சும்மா!”

“இங்க மனுசனுக்கு உசிரே போவுது!”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, முகமில்லாமல், குரலாக. முத்தியால்பேட்டையில் பொதுச்சுவர் வீடுகளில் யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. காதைப் பொத்திக்கொள்ளாமல் இருந்தால் போதும். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை: மகள் சரிதா, தாய் ராஜாம்பாள்.

2

‘மில் மூடிய பிறகு கன்னியப்பன்’ என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். மில் கதைக்குள் வந்தால் பூனை ஓடிவிடும்.)

மறுபடியும்: ராஜாம்பாளின் கணவர் கன்னியப்பனுக்கு வாதம் வந்து இடப்பக்கம் செத்துப்போனது. மிச்சமிருந்த வலது கைக்கு ஒரே வேலைதான். தட்டிலிருந்து மீனைக் கிள்ளி முதல் வாய் பூனைக்கு, அடுத்தது தனக்கு. பூனை தின்றால்தான் அவர் தின்பார்.

பூனை சொறிந்துகொண்டே இருந்தது. தெள்ளுப்பூச்சி என்று ராஜாம்பாள் வேப்பெண்ணெய் தடவினாள். அதை நக்கி வாந்தியெடுத்தது. காதோரம் மயிர் உதிர்ந்து சதை தெரிந்த அன்று, சரிதா அதைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள்.

“இதுக்கு மீன் ஒத்துக்கல. ரெண்டு மாசம் கண்ணுலயே காட்டாதீங்க. கோழிய வேகவெச்சு சோத்துல பிசைஞ்சு குடுங்க” என்றார் டாக்டர்.

(கடலோரத்துப் பூனைக்கு மீன் ஆகாதாம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்து இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்தேன். சரிதாவும் சிரித்தாளாம், டாக்டர் முன்னாலேயே.)

3

கோழிச்சோறு கன்னியப்பன் தட்டுக்கும் வந்தது.

“பூனைக்குப் பத்தியம்னா எனக்கும் பத்தியமா? அது இன்னா என் பொண்டாட்டியா?”

“பொண்டாட்டின்னா இவ்ளோ ஊட்டியிருப்பீங்களா?” என்றாள் ராஜாம்பாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, அவருக்கு மீன், பூனைக்குக் கோழி என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பூனை கோழியை முகர்ந்துவிட்டு அவர் விரலைத்தான் நக்கியது. கடைசியில் அதைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே விட்டுத் தாழ் போட்டாள் சரிதா. கட்டிலுக்கு வெளியே கன்னியப்பன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. குழம்பு விரலில் காய்ந்து ஒட்டியது. தட்டு அப்படியே திரும்பி வந்தது.

சரிதாவை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். அப்புறம் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் இறங்கிக் கேட்டது.

“அவரு போவப்போறாரும்மா. உனக்கே தெரியும். பூனையாவது பொழைக்கட்டுமே.”

ராஜாம்பாள் கழுவிய பாத்திரங்கள் சத்தம் போட்டன.

4

ஒரு முடிவு: கதவு திறக்கிறது. கன்னியப்பன் சாப்பிடுகிறார். பூனையின் புண் காதுக்குள் இறங்குகிறது.

இன்னொன்று: கதவு திறக்கவில்லை. பூனையின் கழுத்தில் முயல்குட்டிக்குப்போலப் புதுமயிர் முளைக்கிறது. நாங்களெல்லாம் அதைத் தடவிப் பார்க்கிறோம், துக்கம் கேட்கப் போன இடத்தில்.

இரண்டு பேரும் பிழைக்கிற முடிவு ஒன்றும் எழுதினேன். அதில் யார் குரலும் எனக்குக் கேட்கவில்லை. கிழித்துவிட்டேன்.

ஆகவே ராஜாம்பாள் இன்னும் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். வெளியே பூனை கதவைப் பிறாண்டுகிறது. தாழ்ப்பாள் இனி உங்கள் கையில். எனக்குக் கேட்பது கட்டில் பக்கத்துக் குரல் ஒன்றுதான்:

“ராஜம்… புள்ள வெளிய கத்துது பாரு. கதவத் தொற, சோறு ஆறுது.”