டிரைவருக்கு மட்டும் கோடு

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் என் மகள் பவித்ராவின் படத்துக்கு முதல் பரிசு. சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மலையெல்லாம் முக்கோணம், ஜீப்பு ஒரு செவ்வகம், அதற்குள் ஆட்கள் வெறும் வட்டம். எண்ணிப் பார்த்தேன், பதினாலு. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிற நாங்கள்தான். ஓட்டுவது என் வீட்டுக்காரர்.

டிராயிங் வாத்தியார் செழியன் விடவில்லை. "நல்லாப் பாருங்கம்மா. எல்லா முக்கோணமும் நுனிய எங்க நீட்டுது? டிரைவர் மேல. நம்ம கண்ணு தன்னால அங்க போயி நிக்கும். மத்த வட்டத்துக்கெல்லாம் கண்ணு ரெண்டு புள்ளி. டிரைவருக்கு மட்டும் ரெண்டு கோடு. நிம்மதிக்குக் குறியீடும்மா அது!"

நிம்மதியாவது மண்ணாவது. கோடு என்றால் மூடின கண்ணல்லவா? ரோட்டுக்குக் கீழே ஒன்றுமே வரையாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். அந்த வெற்றிடம்தான் படத்துக்கே அழகு என்றார் வாத்தியார். அங்கே என்ன இருக்கிறதென்று தினமும் போகிற எனக்குத் தெரியாதா?

மகளை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நான் முன்னாடி ஒக்காந்து போனேன்ல. அப்பா வளைவுல தூங்குனாரும்மா. நான் பேசிக்கிட்டே இருந்தா முழிச்சுக்கிறாரு. அம்மாட்டச் சொல்லாதன்னாரு. படம் வரையாதன்னு சொல்லலைல?"

வீட்டில் அவரிடம் கேட்டதற்கு எரிந்து விழுந்தார். "ராத்திரி லோடு, விடிஞ்சா ஆளு. நான் என்ன சாமியா? ஒருநா நிப்பாட்டுனா ஜீப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவாய்ங்க. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத." அன்றைக்கும் லோடு ஏற்றப் போய்விட்டார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் கங்காணி பொன்னுமணி அக்காவைப் பின்னால் அனுப்பிவிட்டு முன் சீட்டில் ஏறினேன். "புருசன் பக்கத்துலதான் ஒக்காருவாளாம்ல!" என்று ஒரே கேலி. பண்ணட்டும். நான் வாயை மூடவில்லை. மழை, மகளின் பரிசு, ஒழுகுகிற கூரை, எதையெதையோ பேசினேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். ஏழாவது வளைவுக்கு முன்னால் அந்த 'ம்' நின்றது. திரும்பினேன். இமை இரண்டும் இறங்கியிருந்தன.

"ஏங்க."

அசைவில்லை. தோளை உலுக்கினால் ஸ்டீரிங் இழுத்துக்கொண்டு போய்விடும். பள்ளம் என் பக்கம்.

"ஏங்க!"

முன் சக்கரம் ரோட்டோரச் சரளையில் நறநறத்தது.

"சுருளிவேலு!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் என் வாயில் வராத பேர். பின்னால் அத்தனை பேச்சும் நின்றுபோனது. அவர் கண்ணைத் திறந்து சட்டென்று ஸ்டீரிங்கை ரோட்டுக்குள் ஒடித்தார். ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.