கதையில் புகைக்கக் கூடாதவள்

1

இந்தக் கதை பிறந்தது சோம்பேறித்தனத்தில். புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஒரு பத்திரிகை கதை கேட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் நம் எழுத்தாளருக்கு (வாசகர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி மனைவி) அலைந்து விசாரிக்க உடம்பு வணங்கவில்லை. தொழிற்சாலையின் பின்கதவைத் திறந்தால் பல தேசத்தார் புகைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

2

முதல் தொடக்கம்: 'அகதியின் நுரையீரலில் ஒரு தேசம்...' (எழுதிவிட்டு அவரே கண்கலங்கினார். அதனாலேயே அடித்தார்.)

அடுத்தது தேறியது. அடுப்பில் வேலை செய்கிறவர்கள் ஒரே சிகரெட்டை வாய்க்கு வாய் மாற்றுவார்கள். தனியாகப் பிடிப்பது அவர்களிடம் கஞ்சத்தனம். வண்டியோட்டிகள் புகையிலையைத் தாங்களே சுருட்டுவார்கள். பாதி சுகம் அதில்தான். நம்மவர்கள் உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடிப்பார்கள், பெரியப்பா எந்த நேரமும் தெருமுனையில் வந்துவிடுவார் என்பதுபோல. பெரியப்பாவோ கடலுக்கு அந்தப் பக்கம்...

3

இங்கேதான் ஒருத்தி கேட்காமல் கொள்ளாமல் கதைக்குள் வந்தாள். நம் பெண். வேற்றுமொழிப் பெண்களுக்கு நடுவே நின்று, மறைக்காமல் புகைத்தாள். (நம்பும்படி இல்லை. வெட்டு.)

வழக்கமாக இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடும் மனைவி அன்று தூங்கவில்லை.

"இவள ஏன் அடிச்சீங்க?"

நம் பெண்கள் பிடிக்கமாட்டார்கள், யதார்த்தம் கெட்டுவிடும் என்று அவர் விளக்கினார். யதார்த்தம் என்று தொடங்கினால் லேசில் நிறுத்தமாட்டார்.

"நான் பிடிக்கிறேன்," என்றாள்.

சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. புகைக்கிறவர்களை மட்டும் நடுவில் வெளியே விடுவார்களாம். கால் கடுத்து, கொஞ்சம் உட்காரத்தான் முதலில் போனாள். சிகரெட்டைக் கையில் சும்மா வைத்திருந்தாள். பிறகு அது சும்மா இருக்கவில்லை. வாடை தெரியாமலிருக்க ஏலக்காய் மென்றாள். (அந்த மணத்தைப் பற்றி எழுத்தாளர் கவிதையே எழுதியிருக்கிறார். அச்சிலும் வந்தது.)

இப்போது இருமல் நிற்கவில்லை. விட்டுவிட வேண்டும், தனியாக முடியவில்லை என்றாள். "டாக்டர்கிட்ட என்கூட வாங்க. நான் சொல்றத அப்படியே அவர் பாஷையில சொல்லணும். கதை விடக் கூடாது."

4

ஒரு நாளைக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்டார். அவள் தமிழில் சொன்னாள். பாதியாகக் குறைத்துச் சொல்லலாமா என்று எழுத்தாளர் யோசித்தார். (மானப் பிரச்சினை. அவளுடையது அல்ல.) அதற்குள் அவளே அந்த மொழியில் சொல்லிவிட்டாள், சலவைக்கூடத்துப் பெண்களின் அதே உச்சரிப்பில்.

மருத்துவரின் அடுத்த கேள்வி அவளுக்குப் புரியவில்லை. இவர் மொழிபெயர்த்தார்: இந்தப் பழக்கத்தை விட்டுவிட, வீட்டில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா?

"அத நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

மருத்துவர் காத்திருந்தார்.

முடிவு ஒன்று: 'இருக்கிறார்' என்றார் எழுத்தாளர். (படர்க்கையில் சொன்னால் யார் நம்புவது?)

முடிவு இரண்டு: அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு... (சினிமா.)

மூன்றாவதை நீங்களே எழுதிவிடுங்கள். இவரிடம் விட்டால் அழகாக எழுதிவிடுவார். அவளுக்கு அது வேண்டாம். அவள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மருத்துவர் பக்கம் திரும்பி,