படத்தில் நாலு விரற்கடை

நாளொன்றுக்கு நாலு பென்னி, ஒரு பிள்ளையின் மூச்சுக்கு லண்டனில் அவ்வளவுதான் விலை, அதையும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் உட்கார்ந்தபடியே நிர்ணயித்த புண்ணியவான் நான்தான்... என்று நாச்சிமுத்துவுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கை மேச்சேரிச் சந்தையில், ஒரு துண்டுக்கடியில், வெள்ளியங்கிரியின் கைக்குள் இருந்தது. இருபத்திரண்டு ஆடு. விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை, துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ரூபாய், பாதி விரலுக்கு எட்டணா, சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. வெள்ளியங்கிரி ஐந்து விரலையும் பிடித்து ஆரம்பித்தான், ஆட்டுக்கு ஐந்து ரூபாயாம், இந்த வியாபார மந்தத்தில் யார் கொடுப்பான், நாச்சிமுத்து மூன்று விரலை நெருக்கினார். அவசரப்படுகிறவன் தோற்பான், முப்பது வருஷமாக இந்தச் சந்தையில் அவர் பிழைத்தது அந்த ஒரு கணக்கில். ஆனால் இன்றைக்கு அவசரம் அவருக்கு... ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சேலத்தில் தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போகலாம். மகனுக்குத் தந்தியில் எழுதவேண்டியது என்ன? நடக்காதே, ரயிலில் போ. அவ்வளவுதான், விலாசத்துக்கும் சேர்த்துக் காசு பிடுங்குவான், பிடுங்கட்டும்.

“ஏனுங்க, கையி இங்கிருக்குது, நெனப்பு எங்கீங்க மேயுது?” என்றான் வெள்ளியங்கிரி. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். “உன்ற கெடாயப் பார்த்து மயங்கிப் போயிட்டனப்பா,” என்று நாச்சிமுத்துவும் சிரித்துவைத்தார். சிரிப்புக்கு என்ன குறைச்சல், அது பாட்டுக்கு வரும்.

மகன் சென்னிமலை தோல் பதனிடும் படிப்புக்கு லண்டன் போய் ஒன்றரை வருஷம். போன புதிதில் கடிதம் முழுக்க அந்தப் பூமிக்கடி ரயில்தான், முதலில் தெருவைக் கீறி, தண்டவாளத்தைப் போட்டு, மேலே மூடினார்களாம், நீராவி எஞ்சினை உள்ளே விட்டார்களாம், சுரங்கம் பூராவும் புகை, ஜனங்கள் இருமினால் கம்பெனிக்காரன் இந்தப் புகை நெஞ்சுக்கு நல்லது என்றானாம்... அன்றைக்கு நாச்சிமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார், அவனல்லவா வியாபாரி! இருமலையே சரக்காக்கி விற்றிருக்கிறான். அப்புறம் தெருவைக் கீறாமல் ஆழத்தில் குடைந்து குழாய் மாதிரி வழி செய்து, மின்சாரத்தில் ஓட்டி, படிக்கட்டையே நகரவைத்து, அதுவும் போதாமல் ஊருக்கு வெளியே காட்டுக்குள் தண்டவாளத்தை நீட்டி, ஓரத்து நிலத்தை மனைமனையாக வீடு கட்ட விற்றார்களாம். ரயில் முன்னால், ஊர் பின்னால். அந்தக் கோடியில் வாடகை மலிவு, அங்கேயே அறை எடு என்று எழுதியதும் இவர்தான். போகட்டும், அதில் தப்பில்லை. தப்பு அந்தப் படத்தில்... கடிதத்தோடு மகன் வைத்தனுப்பிய ரயில்பாதை மடிப்பு அட்டை, பச்சை சிவப்பு நீலமாக நேர்நேர் கோடுகள், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரே இடைவெளி, யாரோ நூல் பிடித்துப் போட்ட மாதிரி. நடு ஊரில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்தது நம் கடையிலிருந்து மாரியம்மன் கோயில் தூரம்தான் என்று பையனே எழுதியிருந்தான். அப்புறம் என்ன, விரலை வைத்து அளந்தார். கோடியில் நாலு ஸ்டேஷன், நாலு விரற்கடை. அந்த நாலையும் காலையில் நடந்து வந்து ரயிலேறு, சாயங்காலம் அங்கேயே இறங்கி நட, போக வர நாலு பென்னி மிச்சம், உடம்புக்கும் நல்லது என்று மகனுக்கு எழுதிப் போட்டார். உடம்புக்கும் நல்லது! அந்தப் புகைக் கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நேற்று சாயங்காலம், தோல் ஏலத்துக்கு லண்டன் போய்த் திரும்பிய கமிஷன் ஏஜெண்ட் உபகாரசாமி கடைக்கு வந்தார், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார், கணக்கைக் கேட்டார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நாச்சிமுத்து, அந்தப் படத்துல தூரமே இல்லப்பா. எங்க ஏறோணும், எங்க மாறோணும்னு காட்ட மட்டும் போட்டது. நடு ஊர விரிச்சு, ஊர்க்கோடிய அமுக்கி வெச்சிருக்கான். நீ சொல்ற நாலும் சேர்ந்தா அஞ்சு மைலுக்குக் குறையாது. அந்த ஊர்ப் பனிமூட்டத்துல தன் கால் முட்டியே தனக்குத் தெரியாதேப்பா!” போக ஐந்து, வர ஐந்து. உள்ளே விளக்கேற்றப் போன மனைவி சௌந்திரம் ஏற்றாமலே நின்றுவிட்டாள். இருமல் கொஞ்சம் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று கடைசிக் கடிதம். அதற்கப்புறம் இரண்டு தபால் கப்பல் வந்தாயிற்று, கடிதம் இல்லை. அந்நேரத்துக்குத் தந்தி ஆபீஸ் மூடியாயிற்று, விடிவதற்கு முன்னே சந்தைக்குப் புறப்பட்டாயிற்று.

துண்டுக்குள் வெள்ளியங்கிரியின் பிடி நாலரையில் நின்றது. மூன்றரைக்குமேல் அந்த ஆடுகள் பெறாது, இன்னும் கால் மணி நேரம் பேசாமல் நின்றால் தானே இறங்குவான், பஸ் புளிய மரத்தடியில் உறுமிக்கொண்டிருந்தது... நாச்சிமுத்து அப்படியே அழுத்திக் கையை உருவிக்கொண்டார். வெள்ளியங்கிரிக்கே திடுக்கென்றது. “நாலரைங்களா? மெய்யாலுமா? அப்பறம் மாத்திப் பேசக்கூடாதுங்க!” “நான் எப்படா மாத்திப் பேசியிருக்கேன்?”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் திரும்பி வந்து குத்தியது. நான் எப்போது மாற்றிப் பேசியிருக்கிறேன்... அது வெள்ளியங்கிரிக்குத் தெரிந்த மாதிரி சென்னிமலைக்கும் தெரியும். முதல் நாள் நடந்தபோதே ஐந்து மைல் என்று கால் சொல்லியிருக்குமே, ஏன் ஒரு வரி எழுதவில்லை? அப்பனிடம் பேரம் படியாது என்று நடந்தானா? இல்லை, முதல் நாளே சிரித்துவிட்டு ரயிலேறி, இங்கே மட்டும் மாதாமாதம் மிச்சம் மிச்சம் என்று எழுதி, காசை வேறெங்கோ பிடித்துச் சரிக்கட்டினானா? சரிக்கட்டியிருக்கலாமே, என் பிள்ளைதானே... தொழிலில் பொய்க்கணக்கு எழுதிய இரண்டு குமாஸ்தாக்களை வெளியே தள்ளிய மனிதர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாரியம்மா, என் மகன் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஐப்பசியிலிருந்து தை வரை, நூறு நாள், நானூறு பென்னி, நம் காசில் இருபத்திரண்டு ரூபாய் சொச்சம் மிச்சம். இன்றைக்கு ஆட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் இருபத்திரண்டு ரூபாய் நஷ்டம். சொச்சம் தந்திக்குக் காணாது. பணம் நேராகிவிட்டது, நாளுக்குப் பத்து வீதம் மைல் ஆயிரம் நிற்கிறது, யார் பேரில் எழுதுவது என்று தெரியவில்லை.